காரில் இன்வெர்ட்டர்: திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள்

கல்யாண வீடியோ எடுப்பது என் பிழைப்பு. கேமரா பேட்டரி, லேப்டாப், லைட்டு, ட்ரோன் என்று கையில் இருப்பதெல்லாம் சார்ஜ் கேட்கிற சாமான்கள். ஒரு மண்டபத்திலிருந்து இன்னொரு மண்டபத்துக்குப் போகிற வழியில் காரிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டு ஒன்பது வருடமாக ஓட்டுகிறேன். அதைப் பார்க்கிற சொந்தக்காரர்கள், கூட வேலை பார்க்கிறவர்கள், மண்டபத்து வாட்ச்மேன் வரைக்கும் கேட்கிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் இங்கே எழுதிவைக்கிறேன். நான் எலக்ட்ரீஷியன் இல்லை. ஃபியூஸ் எரித்துக் கற்றுக்கொண்டவன்.

1. கார் இன்வெர்ட்டர்னா என்ன? நம்ம வீட்ல இருக்கிற இன்வெர்ட்டர் மாதிரியா?

உள்ளே நடக்கிற வேலை ஒன்றுதான். பேட்டரியின் 12 வோல்ட் டிசி மின்சாரத்தை வீட்டு பிளக்கில் வருகிற 230 வோல்ட் ஏசியாக மாற்றித் தருகிறது. வீட்டு இன்வெர்ட்டரில் பேட்டரியைத் திரும்ப சார்ஜ் செய்கிற சர்க்யூட்டும், கரண்ட் போனதும் தானாக மாறிக்கொள்கிற ஏற்பாடும் சேர்ந்திருக்கும். கார் இன்வெர்ட்டரில் அதெல்லாம் கிடையாது, சார்ஜ் செய்கிற வேலையைக் காரின் ஆல்டர்னேட்டர் (மெக்கானிக்குகள் இன்னும் டைனமோ என்றுதான் சொல்வார்கள்) பார்த்துக்கொள்ளும். சின்னது ஒரு டம்ளர் அளவில் லைட்டர் சாக்கெட்டில் செருகுகிற மாதிரி வரும், பெரியது செங்கல் அளவில் இரண்டு தடித்த வயரோடு வரும்.

2. எனக்கு போன் சார்ஜ் பண்ணணும், லேப்டாப் சார்ஜ் பண்ணணும், அவ்வளவுதான். இது வாங்கணுமா?

பெரும்பாலும் வேண்டாம். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயமே இதுதான், ஆனால் இன்வெர்ட்டர் வாங்கப் போகிறேன் என்று முடிவு செய்துவிட்டு வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் முகம் வாடிவிடுகிறது. உங்கள் லேப்டாப் டைப்-சி ஓட்டை வழியாக சார்ஜ் ஆகிற மாடல் என்றால் 65 வாட் பி.டி. (டைப்-சி வழியாக வேகமாக சார்ஜ் செய்கிற வகை) கார் சார்ஜர் ஒன்று வாங்கி லைட்டர் சாக்கெட்டில் செருகிவிடுங்கள், வேலை முடிந்தது. இன்வெர்ட்டர் வழியாகப் போனால் 12 வோல்ட்டை 230 ஆக ஏற்றி, அந்த 230ஐ லேப்டாப் அடாப்டர் மறுபடி 20 வோல்ட்டாக இறக்கும். மாடிப்படி ஏறி இறங்குவதற்கே பத்து, பதினைந்து சதவீதம் ஒவ்வொரு முறையும் சூடாகப் போய்விடும்.

பழைய உருண்டைப் பின் லேப்டாப், 230 வோல்ட் தவிர வேறு எதையும் ஏற்காத கேமரா சார்ஜர், சின்ன டிவி, சால்டரிங் அயர்ன் போன்றவை இருந்தால்தான் இன்வெர்ட்டருக்கு வேலை இருக்கிறது.

3. எத்தனை வாட் வாங்கறது? கடைக்காரர் பெருசா வாங்குங்கன்னு சொல்றார்.

கடைக்காரர் அப்படித்தான் சொல்வார். முதலில் நீங்கள் ஓட்டப்போகிற சாமானின் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். இன்புட் என்று போட்டு 100-240 வோல்ட், 1.5 ஆம்ப் என்று இருக்கும், அதைப் பார்த்து 240ஐ 1.5ஆல் பெருக்கி 360 வாட் என்று பயந்து ஓடுகிறவர்கள் நிறைய. அது உச்சபட்சமாக எழுதி வைத்திருக்கிற எண். பார்க்க வேண்டியது அவுட்புட். 19.5 வோல்ட், 3.34 ஆம்ப் என்றால் இரண்டையும் பெருக்குங்கள், 65 வாட். அடாப்டரின் சொந்த நஷ்டத்துக்குக் கொஞ்சம் சேர்த்து 75 என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது இந்தப் பக்கம் முழுக்கப் பயன்படப்போகிற ஒரே கணக்கு: வாட்டைப் பத்தால் வகுத்தால் பேட்டரியிலிருந்து எத்தனை ஆம்ப் போகும் என்று தெரிந்துவிடும். நியாயமாக 12ஆல்தான் வகுக்க வேண்டும், இன்வெர்ட்டரின் நஷ்டத்தையும் சேர்த்துக்கொள்வதால் பத்து. 75 வாட் என்றால் ஏழரை ஆம்ப். 100 வாட் என்றால் 10 ஆம்ப். 1000 வாட் என்றால் 100 ஆம்ப். இது மனதில் நின்றுவிட்டால் மற்ற கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

வாங்கும்போது பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிற எண்ணை நம்பாதீர்கள். அது பல சமயம் ஒரு நொடிக்குத் தாங்குகிற பீக் அளவு. தொடர்ந்து எவ்வளவு தரும் என்பது பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும், அதில் முக்கால் பங்குக்குள் உங்கள் லோடு அடங்க வேண்டும்.

4. நான் ஏற்கனவே 300 வாட் வாங்கிட்டேன், லைட்டர் சாக்கெட்ல செருகி 300 வாட் எடுக்கலாம்ல?

எடுக்க முடியாது. சாக்கெட்டின் மூடியைத் திறந்து பாருங்கள், பல கார்களில் 12 வோல்ட், 120 வாட் என்று அச்சிட்டே இருப்பார்கள். அதற்குப் பின்னால் 10 அல்லது 15 ஆம்ப் ஃபியூஸ், சில வண்டிகளில் 20. பத்தால் வகுக்கிற கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: 10 ஆம்ப் ஃபியூஸ் என்றால் 100 வாட், 15 என்றால் 150 வாட். இன்வெர்ட்டர் 300 வாட் தரத் தயாராகத்தான் இருக்கும், அதற்குச் சோறு போடுகிற வாய்க்கால் சின்னது.

அதனால் வாங்கியது வீணில்லை. 300 வாட் இன்வெர்ட்டரில் 80 வாட் ஓட்டினால் அது சூடாகாமல், ஃபேன் சத்தமில்லாமல் சுகமாக ஓடும். 100 வாட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

5. வண்டி ஓடும்போதுதான் போடணுமா? நிறுத்தி வெச்சிட்டு போட்டா எவ்வளவு நேரம் தாங்கும்?

இதற்கு நான் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். கும்பகோணம் பக்கம் ஒரு மண்டபம், காலை நாலரை மணி முகூர்த்தம். முந்தின நாள் ராத்திரி ரிசப்ஷன் முடிந்து, காரை வெளியே நிறுத்திவிட்டு, லேப்டாப்பில் ஃபுட்டேஜ் காப்பி செய்துகொண்டே இரண்டு கேமரா சார்ஜரையும் இன்வெர்ட்டரில் போட்டுவிட்டு சீட்டைச் சாய்த்துப் படுத்தவன்தான். மூன்றே முக்காலுக்கு எழுந்து சாவியைத் திருப்பினால் டிக், டிக் என்று மட்டும் சத்தம். முகூர்த்தத்தை எடுத்துவிட்டேன், மண்டபத்துக்குள்தானே நடந்தது. ஆனால் அதற்கப்புறம் பெண் வீட்டாரோடு மாப்பிள்ளை ஊருக்குப் போக வேண்டிய வண்டியை நாதஸ்வரக்காரர் உட்பட ஆறு பேர் தள்ளினார்கள்.

கணக்கைப் பாருங்கள். சின்ன பெட்ரோல் கார்களில் வருவது 35 ஏ.எச். (ஆம்ப்-ஹவர், ஆம்பையும் மணி நேரத்தையும் பெருக்கிய அளவு) பேட்டரி. லேப்டாப், சார்ஜர் எல்லாம் சேர்த்து 100 வாட் என்றால் 10 ஆம்ப். மூன்றரை மணி நேரம் வருமே என்று தோன்றும். வராது. அந்த 35 என்பது 20 மணி நேரம் மெதுவாக, ஒன்றே முக்கால் ஆம்ப் வீதம் எடுத்தால் கிடைக்கிற கணக்கு. வேகமாக எடுத்தால் குறையும். அதிலும் செல்ஃப் எடுப்பதற்கு ஒரு கணம் நூறு ஆம்புக்கு மேல் வேண்டும், அதற்காக மூன்றில் இரண்டு பங்கையாவது மிச்சம் வைக்க வேண்டும். ஆக, புது பேட்டரியில் இந்த லோடுக்கு ஒரு மணி நேரம். மூன்று வருடப் பேட்டரி என்றால் அரை மணியைக்கூட நான் நம்ப மாட்டேன். பெரிய டீசல் வண்டிகளில் பேட்டரி பெரியது, இதைப்போல இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள், டீசலைக் கிளப்ப செல்ஃபுக்கும் அதிக ஆம்ப் வேண்டும் என்பதையும் மறக்காமல்.

இன்னொன்று. காரில் இருப்பது கிளப்புவதற்கான பேட்டரி, ஒரு நொடி பலமாக இழுத்துவிட்டு உடனே நிரப்பிக்கொள்வதற்காகச் செய்தது. அதை அடிவரைக்கும் வற்றவைத்தால் சில தடவையிலேயே ஆயுள் போய்விடும். என்னுடையது அந்தக் கும்பகோணத்து ராத்திரிக்கு அப்புறம் நாலு மாதம்தான் வந்தது.

6. பேட்டரி குறைஞ்சா இன்வெர்ட்டர் கீ கீன்னு கத்தி தானே ஆஃப் ஆயிடுமே, அப்புறம் என்ன பயம்?

கத்தும், ஆஃப் ஆகும், வண்டி மட்டும் கிளம்பாது. பல இன்வெர்ட்டர்கள் பத்தரை வோல்ட்டில் கத்த ஆரம்பித்து பத்தில் நின்றுவிடும்படி அமைத்திருப்பார்கள். நன்றாக சார்ஜ் ஆன பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும், 12ஐத் தொட்டாலே ஏறக்குறைய காலி என்று அர்த்தம். ஆக, அந்தக் கீச்சுக் குரல் இன்வெர்ட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்கு, உங்கள் பயணத்தைக் காப்பாற்ற இல்லை.

லைட்டர் சாக்கெட்டில் செருகுகிற சின்ன வோல்ட் மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். இன்ஜின் ஓடும்போது 13.8லிருந்து 14.4க்குள் இருக்க வேண்டும். இன்ஜினை நிறுத்திவிட்டு இன்வெர்ட்டர் போட்டிருந்தால் 12.2க்கு வந்ததும் நான் பிடுங்கிவிடுவேன்.

7. அப்போ இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஐடிலிங்ல விட்டுட்டா போதும்தானே?

100 வாட்டுக்குள் என்றால் போதும். ஆனால் ஆல்டர்னேட்டரில் 70 ஆம்ப், 90 ஆம்ப் என்று எழுதியிருப்பதெல்லாம் இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது. ஐடிலிங்கில் அதில் ஒரு பகுதிதான் வரும், அதிலிருந்தே ஏசி புளோயர், ஹெட்லைட், ரேடியேட்டர் ஃபேன் எல்லாவற்றுக்கும் போக வேண்டும். 400 வாட் போட்டால் 40 ஆம்ப், ஐடிலிங்கில் அது பேட்டரியிலிருந்துதான் கரையும், இன்ஜின் ஓடுகிறதே என்ற தைரியத்தில் நீங்கள் கவனிக்கவும் மாட்டீர்கள்.

சட்டர் போட்ட ஷெட், அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட் போன்ற அடைத்த இடத்தில் இன்ஜினை ஓட்டிக்கொண்டு உட்காராதீர்கள். புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், எழுந்திருக்க முடியாது. வெட்டவெளியிலும் காரை ஓடவிட்டு உள்ளேயே தூங்காதீர்கள்.

8. மாடிஃபைடு சைன் வேவ், ப்யூர் சைன் வேவ்னு ரெண்டு சொல்றாங்க. எது?

வீட்டுக்கு வருகிற மின்சாரம் அலை மாதிரி வழவழப்பாக ஏறி இறங்கும். ப்யூர் சைன் அதையே தருகிறது. மாடிஃபைடு என்பது படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டி ஏறி இறங்குவது. பெயரில்தான் சைன், உண்மையில் சதுர அலைக்குத் தங்கச்சி. விலை குறைவு என்பதால் கடைகளில் அதிகம் கிடைப்பது இதுதான்.

லேப்டாப் அடாப்டர், போன் சார்ஜர், கேமரா சார்ஜர் போன்றவை உள்ளே போனதும் ஏசியை டிசி ஆக்கிவிடுவதால் பொதுவாக மாடிஃபைடிலேயே ஓடிவிடும், கொஞ்சம் கூடச் சூடாகும். மோட்டார் இருக்கிற எதுவும் உறுமும்: டேபிள் ஃபேன், சின்ன கம்ப்ரசர். நீண்ட நேரம் ஓட்டினால் மோட்டார் சுருளுக்கு ஆகாது. அப்புறம் யாரும் எதிர்பார்க்காத ஒரு பலி: நேரடியாகச் சுவர் பிளக்கில் செருகுகிற கொசு பேட், மலிவு டார்ச் லைட். அதற்குள் டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது, ஒரு கப்பாசிட்டரை வைத்து ஒப்பேற்றியிருப்பார்கள், படிக்கட்டு அலையில் அது அளவுக்கு மேல் கரண்டை விட்டுத் தன்னையே எரித்துக்கொள்ளும். நான் இரண்டு கொசு பேட் பலி கொடுத்திருக்கிறேன்.

என் தீர்ப்பு: லேப்டாப்புக்கு மட்டும் என்றால் மாடிஃபைடு போதும். விலை கூடிய சாமானோ, மருத்துவக் கருவியோ மாட்டப்போகிறீர்கள் என்றால் ப்யூர் சைன்தான்.

9. மிக்ஸி, ரைஸ் குக்கர், கெட்டில் எல்லாம் ஓடுமா? குடும்பத்தோட ராமேஸ்வரம் போறோம்.

பத்தால் வகுங்கள். கெட்டில் 1500 வாட், 150 ஆம்ப். இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட், 200 ஆம்ப். செல்ஃப் எடுக்கும்போது ஒரு நொடி போகிற கரண்டைத் தண்ணீர் கொதிக்கிற வரைக்கும் தொடர்ந்து எடுக்கப் பார்க்கிறீர்கள். அயர்ன் பாக்ஸ், ஹேர் டிரையர் எல்லாம் இதே கட்சி. சூடு பண்ணுகிற எதையும் காரில் நினைக்காதீர்கள்.

மிக்ஸி 500, 750 வாட் என்று இருக்கும். மோட்டார் கிளம்புகிற நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும், அதனால் 750 வாட் மிக்ஸிக்கு 750 வாட் இன்வெர்ட்டர் போதாது, ஸ்விட்சைத் திருகியதும் படுத்துக்கொள்ளும். சட்னியை வீட்டிலேயே அரைத்து எடுத்துக்கொண்டு போங்கள். வெந்நீருக்கு ஃபிளாஸ்க். குழந்தைக்குப் பால் சூடு பண்ண 12 வோல்ட்டிலேயே ஓடுகிற பாட்டில் வார்மர் கிடைக்கிறது, அதற்கு இன்வெர்ட்டரே வேண்டாம்.

10. பேட்டரியில இருந்து நேரா வயர் இழுத்து 1000 வாட் போட்டுக்கலாம்னு என் ஃப்ரெண்ட் சொல்றான்.

போடலாம், நானும் போட்டிருக்கிறேன், அவுட்டோர் ஷூட்டில் லைட்டுக்காக. ஆனால் ஃப்ரெண்ட் வயரின் தடிமனைச் சொன்னாரா? 1000 வாட் என்றால் 100 ஆம்ப். வீட்டில் ஏசிக்கு இழுக்கிற 4 சதுர மில்லிமீட்டர் வயரை இதற்குப் போட்டால் இன்சுலேஷன் உருகி பானெட்டுக்குள் தீப்பிடிக்கும். 35 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிள் வேண்டும், முடிந்தவரை நீளம் குறைவாக. வெல்டிங் கடைகளில் கிடைக்கும், அலுமினியத்தைச் செம்பு மாதிரிப் பூசி விற்பதும் உண்டு, நுனியைச் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள்.

அதைவிட முக்கியம் ஃபியூஸ். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 125 ஆம்ப் ஃபியூஸ் இருக்க வேண்டும். பலர் இன்வெர்ட்டர் பக்கத்தில் ஃபியூஸ் போட்டுவிட்டுப் பத்திரம் என்று நினைக்கிறார்கள். வயர் பாதி வழியில் உரசி பாடியைத் தொட்டால், அந்த ஃபியூஸுக்கு விஷயமே தெரியாது, பேட்டரி தன் முழு பலத்தையும் அந்த வயரில் இறக்கும். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை, இன்வெர்ட்டரை அல்ல, அதனால் அது வயர் தொடங்குகிற இடத்தில் இருக்க வேண்டும். இன்ஜின் பக்கமிருந்து உள்ளே வருகிற துவாரத்தில் ரப்பர் வாஷர் இல்லாமல் இழுத்தால் தகடு வயரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். அப்புறம் பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்துவிட்டால் பட் என்று ஒரு சத்தம், அதோடு இன்வெர்ட்டருக்கு ஆயுள் முடிந்தது.

இவ்வளவையும் செய்த பிறகும் ஏழாவது பதிலில் சொன்ன ஆல்டர்னேட்டர் கணக்கு அப்படியே இருக்கிறது. 1000 வாட்டைத் தொடர்ந்து எடுக்க சாதாரணக் காரால் முடியாது, அவ்வப்போது சில நிமிடங்களுக்குத்தான்.

11. இப்படி வயர் இழுத்தா வாரன்டி போயிடுமா?

கம்பெனி வயரை வெட்டி ஒட்டுப் போட்டால் அந்த வயரிங் சம்பந்தமான எந்தப் புகாருக்கும் சர்வீஸ் சென்டரில் கையை விரித்துவிடுவார்கள். சாக்கெட்டில் செருகிப் பயன்படுத்துவதால் பிரச்சினை இல்லை. வாரன்டி இருக்கிற வண்டி என்றால் எதையும் வெட்டாதீர்கள்.

12. லைட்டர் சாக்கெட் ஃபியூஸ் அடிக்கடி போகுது. கொஞ்சம் பெரிய ஃபியூஸா போட்டுடலாமா?

கூடாது. இதைக் கேட்கிறவர்களில் பாதிப் பேர் ஏற்கனவே போட்டுவிட்டுத்தான் கேட்கிறார்கள். பத்தாவது பதிலில் சொன்னதுதான், ஃபியூஸ் வயருக்குக் காவல்காரன். 10 ஆம்ப் சிவப்பு ஃபியூஸ் இருந்த இடத்தில் 20 ஆம்ப் மஞ்சளைச் செருகினால், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற மெல்லிய வயர்தான் இனி ஃபியூஸ். 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை: எந்த நிறம் இருந்ததோ அதே நிறம். போய்க்கொண்டே இருந்தால் லோடைக் குறையுங்கள்.

ஃபியூஸ் போகாமல் பிளக் மட்டும் கை வைக்க முடியாதபடி சுடுகிறது என்றால் அது லூஸ் காண்டாக்ட். லைட்டர் சாக்கெட் சிகரெட் பற்றவைக்கச் செய்த ஏற்பாடு, ஒரு ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கிற நம்பிக்கையில்தான் மொத்தக் கரண்டும் போகிறது. நுனியைத் துடைத்து இறுக்கமாகச் செருகிப் பாருங்கள், அப்படியும் சுட்டால் அந்த சாக்கெட்டை மாற்றிவிடுவதே நல்லது.

13. டெஸ்டர் வெச்சு பார்த்தா ரெண்டு ஓட்டையிலயும் எரியுது! லேப்டாப் தொட்டாலும் சுர்ருங்குது. இன்வெர்ட்டர் கெட்டுப்போச்சா?

டெஸ்டர் எரிவது கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை. வீட்டில் நியூட்ரல் வயரை எங்கோ பூமியோடு கட்டியிருப்பார்கள், அதனால் ஒரு ஓட்டையில் மட்டும் டெஸ்டர் எரியும். காரில் டயருக்கு மேல் நிற்கிற உங்களுக்குப் பூமியே கிடையாது, பல இன்வெர்ட்டர்களில் இரண்டு முனையும் எதோடும் கட்டாமல் மிதந்துகொண்டிருக்கும். பெரும்பாலும் ஆளுக்குப் பாதி வோல்ட்டேஜ். வீட்டு வழக்கப்படி ஒரு முனையை நியூட்ரல் என்று நினைத்துக் கார் பாடியோடு கட்டிவிடாதீர்கள், சில மாடல்களில் அடுத்த நொடியே புகை வரும். இரண்டு முனையையும் லைவ் என்றே மதியுங்கள்.

லேப்டாப்பில் வருகிற மெல்லிய சுர் என்பது அடாப்டருக்குள் இருக்கிற ஃபில்டரிலிருந்து கசிகிற துளி கரண்ட், அதற்கு இறங்கிப் போக எர்த் இல்லை. வீட்டில் இரண்டு பின் பிளக்கில் போட்டாலும் இதே சுர் வரும். டச்பேட் தறிகெட்டு ஓடுவதும் இதனால்தான். சுர் என்பதைத் தாண்டி கையை உதறுகிற அளவுக்கு ஷாக் அடித்தால் உடனே பிடுங்குங்கள், அது வேறு கோளாறு.

14. அம்மாவுக்கு நெபுலைசர் தேவை, மாமாவுக்கு ஆக்சிஜன் மெஷின். கார்ல வெச்சுக்கலாமா?

கம்ப்ரசர் வைத்த நெபுலைசர் நூறு வாட்டைத் தாண்டுகிற மாடல்களே அதிகம், மோட்டார் வேறு. கிளம்புகிற நொடியில் லைட்டர் சாக்கெட் ஃபியூஸை எடுத்துவிடலாம். பேட்டரியில் ஓடுகிற, கையடக்கமான மெஷ் நெபுலைசர் கிடைக்கிறது, பயணத்துக்கு அதுதான் சரி. வீட்டில் வைக்கிற ஐந்து லிட்டர் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் 300லிருந்து 400 வாட் வரை இழுக்கும், அதாவது 40 ஆம்ப் வரை. அதை நம்பி ஒருவரை ஏற்றிக்கொண்டு மதுரையிலிருந்து சென்னை கிளம்பாதீர்கள். பயணத்துக்கென்றே 12 வோல்ட் கார் வயரோடு வருகிற சின்ன கான்சன்ட்ரேட்டர்கள் இருக்கின்றன, டாக்டரைக் கேட்டு அதை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், கூடவே நிரப்பிய சிலிண்டரும். ஃபியூஸ் போனால் காத்திருக்கலாம் என்கிற சாமானுக்குத்தான் கார் இன்வெர்ட்டர்.

15. அமெரிக்காவுல இருந்து மச்சான் ஒண்ணு வாங்கிட்டு வந்தான். அப்புறம் அண்ணன் லாரி வெச்சிருக்கார், அதுலயும் இதையே மாட்டலாமா?

அமெரிக்க இன்வெர்ட்டர் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் தரும். 100-240 என்று எழுதிய அடாப்டர்கள் ஓடிவிடும், 230 மட்டும் கேட்கிற சாமான் ஓடாது. பிளக் ஓட்டையும் பொருந்தாது.

லாரியில் மாட்டவே மாட்டாதீர்கள். லாரிகளும் பெரிய பஸ்களும் 24 வோல்ட், 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராகக் கட்டியிருப்பார்கள். 12 வோல்ட் இன்வெர்ட்டரை அங்கே செருகினால் அதோடு கதை முடிந்தது. லாரிக்கு 24 வோல்ட் என்று எழுதியதைத் தனியாக வாங்க வேண்டும். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கலாமே என்று புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்வார்கள், அந்த ஒரு பேட்டரி மட்டும் குறைந்து, மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஆகி, இரண்டும் சீக்கிரமே போகும்.

16. எலக்ட்ரிக் கார்ல பெரிய பேட்டரி இருக்கே, அதுல மாட்டினா நாள் கணக்கா ஓடுமா?

லைட்டர் சாக்கெட் இருப்பது பெரிய பேட்டரியில் இல்லை. எலக்ட்ரிக் காரிலும் சின்னதாக ஒரு 12 வோல்ட் பேட்டரி தனியாக உண்டு, சாக்கெட் அதில்தான் இருக்கிறது. வண்டி ஆன் ஆகி ரெடி என்று காட்டும்போது பெரிய பேட்டரி சின்னதை நிரப்பிக்கொண்டே இருக்கும், அப்போது ஓட்டலாம், நாலாவது பதிலில் சொன்ன அதே 100 வாட் எல்லைக்குள். வண்டியை ஆஃப் செய்துவிட்டு ஓட்டினால் சின்ன பேட்டரி காலியாகி, பெரியதில் எண்பது சதவீதம் இருந்தும் கதவு திறக்காமல் நிற்கிற கூத்து நடக்கும்.

சில எலக்ட்ரிக் கார்களில் பெரிய பேட்டரியிலிருந்தே 230 வோல்ட் எடுக்கிற வசதியைக் கம்பெனியே தருகிறது, வி2எல் என்று சொல்வார்கள். ஹூண்டாய் அயோனிக் 5இல் 3.6 கிலோவாட் வரை, டாடா நெக்ஸான் இவியின் 2023 மாடலிலிருந்து சில வேரியன்ட்களில் 3.3 கே.வி.ஏ. வரை. அது இருந்தால் ஒன்பதாவது கேள்வியில் மறுத்த கெட்டிலை அங்கே தாராளமாகப் போடலாம்.

17. புயல் வந்து ரெண்டு நாள் கரண்ட் இல்லைன்னா, கார்ல இருந்து வீட்டுக்கு கரண்ட் எடுக்கலாமா?

2016 டிசம்பரில் வர்தா அடித்தபோது சென்னையிலும், 2018 நவம்பரில் கஜா அடித்தபோது டெல்டாவிலும் இந்தக் கேள்வி நிறையப் பேருக்கு வந்தது. டெல்டாவில் பல கிராமங்களுக்குக் கரண்ட் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. போன், 9 வாட் எல்.இ.டி. பல்பு மூன்று, வைஃபை ரவுட்டர் எல்லாம் சேர்த்தாலும் 60 வாட்டைத் தாண்டாது. இன்வெர்ட்டரைக் காருக்குள் வைத்து, அதிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வயரை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் இழுத்து, அந்தப் பாக்ஸிலேயே நேரடியாக மாட்டுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இருபது, முப்பது நிமிடம் இன்ஜினை ஓட்டுங்கள், கார் வெட்டவெளியில் நிற்கட்டும். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட், ஆசைப்படாதீர்கள். முப்பது வாட்டில் ஓடுகிற பி.எல்.டி.சி. ஃபேனுக்கு பிளக் இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த வயர் செய்து வீட்டு சுவர் பிளக்கில் செருகிவிட்டால் வீடு முழுக்க எரியுமே என்று யோசிக்கிறவர்கள் உண்டு. மெயினை அணைக்க மறந்தால் அந்த மின்சாரம் மீட்டர் வழியாக வெளியே தெருக் கம்பத்துக்குப் போகும், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் நிற்கிற லைன்மேன் கையில் வந்து முடியும். லைன் திரும்பி வந்தால் உங்கள் இன்வெர்ட்டரும் வெடிக்கும். கையில் பிடித்த பிளக்கின் மறுமுனை உயிரோடு இருப்பது தனி ஆபத்து. இது ஒன்றை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

18. வீட்டு இன்வெர்ட்டரோட பெரிய பேட்டரியைத் தூக்கி டிக்கியில வெச்சிட்டா? அது 150 ஏ.எச். ஆச்சே.

முதுகு முதலில் போகும், ஐம்பது கிலோவுக்குக் குறையாது. அந்த உயரமான டியூபுலர் பேட்டரி ஆசிட் நிரம்பியது, ஸ்பீட் பிரேக்கரில் குலுங்கினால் தளும்பும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு விடும், மூடிய காருக்குள் அது இருக்கக் கூடாத சாமான். அதிக நேரம் இன்ஜினை நிறுத்திவைத்து ஓட்டுகிற தேவை இருக்கிறவர்களுக்கு லித்தியம் பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒரே பெட்டியாக வருகிற பவர் ஸ்டேஷன்தான் சரி. வீட்டில் நிரப்பி எடுத்துப் போகலாம், வழியில் லைட்டர் சாக்கெட்டிலேயே மெதுவாக நிரப்பலாம், கார் பேட்டரியைத் தொடவே தொடாது. விலை அதிகம்தான். கும்பகோணத்துக்கு அப்புறம் நான் அதற்குத்தான் சேர்த்து வைத்தேன், இப்போது வண்டி ஓடும்போது மட்டும்தான் இன்வெர்ட்டரைப் பயன்படுத்துகிறேன்.

19. எப்பவும் சாக்கெட்லயே மாட்டி வெச்சிருக்கலாமா? எதுவும் செருகலைன்னா கரண்ட் எடுக்காதே?

எடுக்கும். எதுவும் மாட்டாமல் ஆன் செய்து வைத்திருந்தாலே உள்ளே இருக்கிற சர்க்யூட்டுக்கும் ஃபேனுக்கும் அரை ஆம்ப் போல ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாளைக்கு 12 ஏ.எச். ஆயிற்று, சின்ன கார் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு. பல கார்களில் சாவியை எடுத்தால் சாக்கெட்டும் அணைந்துவிடும், சில கார்களில் அணையாது. உங்கள் கார் எந்த வகை என்று போன் சார்ஜரைச் செருகி, சாவியை எடுத்து, கதவைப் பூட்டிக் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். செல்ஃப் எடுக்கும்போதும் இன்வெர்ட்டரைப் பிடுங்கியே வையுங்கள், அந்த நொடியில் வோல்ட்டேஜ் விழுந்து எழுவது எந்த எலக்ட்ரானிக்ஸுக்கும் பிடிக்காது.

மே மாதத்து வெயிலில் டேஷ்போர்டு மேல் விட்டுவிட்டு இறங்கிப் போகாதீர்கள், சீட்டுக்கு அடியில் துணி, கவர் மூடிக்கொள்கிற இடத்திலும் வேண்டாம். காற்று போகிற இடமாக, கால்மாட்டில், பிரேக் பெடல் பக்கம் உருண்டு போகாதபடி வைத்தால் சரி. நான் வேலை முடிந்ததும் பிடுங்கி கேமரா பையின் பக்கவாட்டுப் பையில் போட்டுவிடுகிறேன், அதற்குப் பக்கத்திலேயே உபரி நீல ஃபியூஸ் நாலு.